ஆரஞ்சு நிறத் தேதிகள்

02.07.2024, செவ்வாய்
மழை: 3 அங்குலம் 20 சென்ட்

ரூபி பொள்ளாச்சிக்குப் போய் இரண்டு நாளாகிறது. பேரனுக்குப் பல் முளைக்கிறது, மகள் ஜெஸிந்தாவுக்குக் கை ஒத்தாசை வேண்டும், அதனால் போயிருக்கிறாள். மாப்பிள்ளை ஆல்வின் காரோடு வந்து அழைத்துக்கொண்டு போனார். இரண்டு பெட்டியும் தையல் மெஷினும் ஏறின. பல் முளைப்பதற்குத் தையல் மெஷின் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் நாங்கள் இல்லை.

மழைமானியின் வாயில் சில்வர் ஓக் இலை அடைத்திருந்தது, எடுத்துப் போட்டேன். அங்குலத்துக்கு நூறு சென்ட் என்ற எஸ்டேட் கணக்கில்தான் இன்றும் மழையை அளக்கிறேன். மதியம் ரசம் வைத்தேன். உப்பு போட மறந்துவிட்டேன்.

03.07.2024, புதன்
மழை: 2 அங்குலம் 75 சென்ட்

எதிர் வீட்டு ஓமனா, ரூபி எப்போது வருவாள் என்று கேட்டாள். பல் முளைத்ததும் என்றேன்.

05.07.2024, வெள்ளி
மழை: 4 அங்குலம் 10 சென்ட்

ஜெஸிந்தா போன் செய்தாள்.

"அப்பா, சாப்பிட்டீங்களான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க."

"சாப்பிட்டேன்னு சொல்லு."

"என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்குறாங்க."

"கோதுமை ரவை உப்புமா."

அந்தப் பக்கம் முணுமுணுப்பு கேட்டது.

"உப்புமா உங்களுக்கு நெஞ்சு கரிக்குமேன்னு சொல்றாங்கப்பா."

"கரிக்கலன்னு சொல்லு."

இது எங்கள் வீட்டு வழக்கம். எனக்கும் ரூபிக்கும் மனஸ்தாபம் வந்தால் பேச்சு ஜெஸிந்தா வழியாகத்தான் போய்வரும். சின்ன வயதில் அவள் நடுவில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டே, "சட்னி வேணுமான்னு அம்மா கேக்குறாங்க", "அப்பாவுக்கு வேணாமாம்" என்று இரண்டு பக்கமும் சொல்லிவிடுவாள். அவள் கல்யாணமாகிப் போனபிறகு சுவரைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டோம். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதோடு, நான் ஆயுளில் இரண்டு நாளுக்கு மேல் யாரிடமும் பேசாமல் இருந்ததே கிடையாது.

விஷயம் என்னவென்றால், வருகிற 28ஆம் தேதி எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். ஜெஸிந்தா தன் வீட்டில் ஜெபக்கூட்டமும் சாப்பாடும் வைக்கிறாள். பழைய போட்டோக்களை வருஷ வாரியாக அடுக்கி ஆல்பமாகக் கொண்டுவரச் சொன்னாள்.

"நீங்களே கொண்டு வாங்கப்பா. யார்கிட்டயும் குடுத்து விடாதீங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மா இனிமே மேல வால்பாறைக்கு வர மாட்டேங்கிறாங்க. இந்த ஈரத்துல இருந்தா நெஞ்சு தாங்காதுன்னு டாக்டரும் சொல்லிட்டார். அம்மா உங்ககிட்ட ஒண்ணு கேட்டாங்களாமே. அன்னைக்காவது வந்து பதில் சொல்லுங்க. சொல்லலைன்னா அவங்க பாட்டுக்கு இங்கயே இருந்துடுவாங்க."

அத்துடன் சிக்னல் போய்விட்டது. இல்லை, நான்தான் வைத்தேன்.

08.07.2024, திங்கள்
மழை: 1 அங்குலம் 90 சென்ட்

காலை முழுக்க மூடுபனி. வீட்டுப் படியில் நின்றால் கீழே ரோடு தெரியவில்லை. பிஸ்கட் டின்னைத் திறந்து போட்டோக்களைக் கட்டிலில் பரப்பினேன். நூற்று நாற்பத்தொரு படம். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவனுக்கு நூற்று நாற்பத்தொரு படத்தை அடுக்குவது ஒரு வேலையா என்று உட்கார்ந்தேன். வேலைதான்.

எல்லாப் படத்திலும் வலது கீழ் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்திருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே தேதி. 01.01.2005.

காரணம் எனக்குத் தெரியும். இந்த டிஜிட்டல் கேமரா ரூபியின் தம்பி குவைத்திலிருந்து அவளுக்காகக் கொண்டுவந்தது. அவளுடையது என்றாலும் பொறுப்பு என்னிடம்தான் இருந்தது. வால்பாறை ஈரத்தில் எந்தப் பொருளிலும் செல்லை உள்ளேயே விட்டால் அது ஒழுகி உப்புப் பூத்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். ஸ்டோரில் எத்தனை டார்ச் லைட்டை அப்படிப் பறிகொடுத்திருக்கிறேன். ஆகவே படம் எடுத்து முடித்த கையோடு இரண்டு பென்சில் செல்லையும் கழற்றி, துடைத்து, தனி டப்பாவில் வைப்பேன். மெமரி கார்டு என் மேஜை டிராயரில் பூட்டியிருக்கும். அடுத்த முறை செல்லைப் போட்டதும் கேமரா தேதி கேட்கும். அதற்கெல்லாம் யார் நிற்பது, ரத்து பட்டனை அழுத்திவிடுவேன். உடனே அது 2005 ஜனவரி ஒன்று, பகல் பன்னிரண்டா ராத்திரி பன்னிரண்டா என்றுகூடத் தெரியாத ஒரு பன்னிரண்டில் இருந்து தொடங்கும்.

அப்படியே எட்டு வருஷம் எடுத்திருக்கிறேன். ஒரு படத்திலும் நான் இல்லை.

09.07.2024, செவ்வாய்
மழை: 2 அங்குலம் 5 சென்ட்

ஜெஸிந்தாவின் முன்பல் இல்லாத படங்கள் ஒரு பக்கம். பல் முளைத்தவை ஒரு பக்கம். ரெட்டைச் சடை, ஒற்றைச் சடை. ரூபியின் பச்சைச் சேலை 2007 கிறிஸ்துமஸுக்கு எடுத்தது, ஆகவே பச்சைச் சேலைப் படங்கள் அதற்குப் பிறகு. இப்படித்தான் போகிறது வேலை.

சுவர் காலண்டர் தெரிகிற படம் ஒன்று கிடைத்தது. ஆனால் அது 2006 காலண்டர், ரூபியோ பச்சைச் சேலையில் இருக்கிறாள். காலண்டர் படத்துக்காக அதைக் கழற்றாமல் விட்டிருப்போம்போல.

11.07.2024, வெள்ளி

மேலே தேதி வெள்ளி என்று எழுதிவிட்டேன். இன்று வியாழன். 1987 முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன், கிழமை தப்பியது இதுதான் முதல் தடவை. பனிக்குள் ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. மழை 2 அங்குலம் 60 சென்ட். அதுவாவது சரி.

12.07.2024, வெள்ளி
மழை: 3 அங்குலம்

கேமராவையே எடுத்துப் பார்த்தால் ஏதாவது துப்புக் கிடைக்கும் என்று அலமாரியைக் குடைந்தேன். அரிசி மூட்டை கட்டின மாதிரி நான்கு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. செல் போடும் குழியில் ஒரு ஸ்பிரிங்கின் அடியில் வெள்ளையாக உப்பு. பழைய உப்பு. 2009இல் ஒரு முறை செல்லைக் கழற்றாமல் விட்டு ஒழுகிப் போயிற்று. அப்போது கொஞ்சம் சத்தம் போட்டேன் என்று நினைக்கிறேன். பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்தேன், பிறகு ஸ்பிரிட். குமிழ் குமிழாகப் பொங்கி அடங்கியது. சுவர்க்கடிகாரச் செல்லையும் அலாரக் கடிகாரச் செல்லையும் போட்டுப் பார்த்தேன். உயிர் வந்தது. தேதி கேட்டது.

கை பழக்கத்தில் ரத்து பட்டனுக்குப் போய்விட்டது.

13.07.2024, சனி
மழை: 2 அங்குலம் 35 சென்ட்

கடைவீதியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அன்வர்தீனிடம் கேமராவைக் கொண்டுபோனேன். என் படங்களை எல்லாம் பிரிண்ட் போட்டவர் அவர்தான்.

"பாய், செல்லைக் கழட்டினா ஏன் இது தேதியை மறந்துடுது? கைக்கடிகாரம் மறக்குதா?"

"உள்ள இன்னொண்ணு இருக்கு ஸ்டோர் சார். குட்டியா. கண்ணுக்குத் தெரியாது. பெரிய செல்லைக் கழட்டினாலும் நாலஞ்சு நாள் நேரத்தை அதுதான் பிடிச்சு வெச்சிருக்கும்."

"பின்ன ஏன் பிடிச்சு வெக்கல?"

"அதுக்கு சார்ஜ் பெரிய செல்லுலருந்துதான் ஏறணும். ஒரு நாளாவது உள்ள விட்டு வெச்சாத்தான் ஏறும். நீங்க எவ்வளவு நேரம் விட்டு வெப்பீங்க?"

"படம் எடுக்கிற வரைக்கும்."

"அஞ்சு நிமிஷம்."

"செல் ஒழுகிடும் பாய்."

"மாசக்கணக்குல விட்டாத்தான் ஒழுகும். நீங்க பாதுகாத்த பாதுகாப்புல உள்ள இருந்தது பட்டினியாவே கெடந்திருக்கு சார்." அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "புதுச் செல் ரெண்டு போடுங்க. பழசும் புதுசும் கலக்காதீங்க. தேதியை வெச்சுட்டு, தொடாம விடுங்க. இத்தனை வருஷம் கெடந்தது, ஒரு வேளைச் சோத்துல தேறிடுமா? மெதுவாத்தான் பிடிக்கும்."

செல் வாங்கிக்கொண்டு வந்தேன். தேதி வைத்தேன். 13.07.2024, 12:40.

14.07.2024, ஞாயிறு
மழை: 1 அங்குலம் 15 சென்ட்

கோவிலில் ஞாயிறு ஆராதனைக்குப் போகவில்லை. ரூபி எங்கே என்று பதினைந்து பேர் கேட்பார்கள்.

காலையில் செல்லைக் கழற்றிப் பார்த்தேன். பதினெட்டு மணி நேரம் விட்டிருந்தேன். இரண்டு நிமிஷம் கழித்துப் போட்டபோது 01.01.2005. அன்வர்தீன் சொன்னதைக் கேட்காமல் கையை வைத்தது என் தப்பு. மறுபடி தேதி வைத்தேன். டேப் ஒட்டி மூடியை அடைத்துவிட்டேன், எனக்குப் பயந்து.

15.07.2024, திங்கள்
மழை: 4 அங்குலம் 45 சென்ட்

மதியம் படங்களுக்கு நடுவிலேயே தூங்கிப்போனேன். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து கட்டில் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. விழித்தேனா, இல்லை விழித்தது போலக் கண்டேனா தெரியவில்லை.

அது 2005 ஜனவரி ஒன்று. அந்த நாள் இன்னும் முடியவில்லை. காலையில் ஜெஸிந்தாவுக்கு முன்பல் விழுந்தது, கையில் வைத்துக்கொண்டு காட்டினாள். எறிந்த பல் கூரைமேல் விழும் முன்பே அவள் எட்டாம் வகுப்புப் பரிசை வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். முற்றத்தில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஏறி இறங்கிற்று, ஏறி இறங்கிற்று, எட்டுத் தடவை. ரூபி பச்சைச் சேலையில் சமையலறைக்குள் போனாள், நீலச் சேலையில் வெளியே வந்தாள், தலையில் நரை இருந்தது. தொழிற்சாலைச் சங்கு ஊதியது. யாரும் வேலைக்குப் போகவில்லை, யாருக்கும் வயசாகவில்லை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். மணி பன்னிரண்டு ஆறு. வெயில் சுள்ளென்று அடித்தது. வால்பாறையில் ஜூலையில் அப்படி ஒரு வெயில் அடித்து நான் பார்த்ததில்லை.

ஒரு சத்தம் மட்டும் ஒட்டவில்லை. யாரோ மெல்லிய விசில் ஊதுவதுபோல. ரூபியின் மூச்சு அது. பிறகு எழுந்து பார்த்தால் ஜன்னல் கொக்கி காற்றில் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. கொக்கியை மாட்டினேன். நின்றுவிட்டது. நின்றதும் எனக்கு என்னவோபோல ஆகிவிட்டது, மறுபடி கழற்றி விட்டேன்.

17.07.2024, புதன்
மழை: 3 அங்குலம் 5 சென்ட்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கேமராவில் கார்டு இல்லாமலே பின்பக்கம் பார்க்கும் பட்டனை அழுத்தினேன், மணி சரியாக ஓடுகிறதா என்று. படம் இல்லை என்று சொல்லும் என நினைத்தேன். படம் வந்தது. அன்வர்தீனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கேமராவுக்குள்ளேயே கொஞ்சம் இடம் இருக்குமாம், கார்டு இல்லாவிட்டால் படம் அங்கே போய்ச் சேருமாம். பத்துப் பதினைந்து படத்துக்குத்தான் இடம் இருக்குமாம்.

பதின்மூன்று படம் இருந்தது. மூலையில் ஆரஞ்சு நிறத் தேதி. 15.06.2009. அடுத்தது 16.06.2009. அடுத்தது 17. இப்படியே 27 வரை, ஒரு நாள் விடாமல்.

யாரோ தேதி கேட்டபோது ரத்து செய்யாமல் தேதி வைத்திருக்கிறார்கள். பதின்மூன்று நாள் செல்லைக் கழற்றாமல் விட்டிருக்கிறார்கள். கார்டு என் டிராயரில் பூட்டியிருந்ததால் கார்டு இல்லாமல் எடுத்திருக்கிறார்கள். யாரோ என்று எழுதுவானேன். வீட்டில் இருந்தது மூன்று பேர், ஜெஸிந்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது, காலையில் பள்ளி வேன் ஏறிவிடுவாள்.

எல்லாம் ஒரே படம். பழைய குவார்ட்டர்ஸின் சமையலறை ஜன்னலில் இருந்து எடுத்தது. கல்படி இறங்கித் தேயிலைக்கு நடுவே போகும் பாதை. அதில் குடை பிடித்துக்கொண்டு ஒரு ஆள் தொழிற்சாலைக்குப் போகிறான். முதுகு. அடுத்த நாளும் முதுகு. 21ஆம் தேதி ஞாயிறு, கோவிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டை முதுகு. சில நாளில் பனி அதிகம், குடை மட்டும் மிதக்கிறது.

கடைசிப் படத்தில் குடை இல்லை. அந்த ஆள் மூன்றாவது படியில் நனைந்துகொண்டு நிற்கிறான். ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறான். வாய் திறந்திருக்கிறது.

இந்தக் கேமராவில் நான் இருக்கிற படங்கள் இவை மட்டும்தான். ரசம் வைக்கவில்லை. பிஸ்கட் தின்றேன்.

18.07.2024, வியாழன்
மழை: 2 அங்குலம் 80 சென்ட்

2009 நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஜூன் 14: "மழை 1.30. கேமராவில் செல் ஒழுகல். கிளார்க் சுந்தரராஜ் வந்திருந்தார்."

அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். மீதி ஞாபகம் வந்துவிட்டது. ஜெஸிந்தாவின் ஆண்டு விழாவுக்குப் படம் எடுத்தவள் செல்லைக் கழற்ற மறந்திருந்தாள். நான் சுந்தரராஜ் எதிரிலேயே கத்தினேன், ஒரு பொருளைக் காப்பாத்தத் துப்பில்லை என்றேன். "ரெண்டு செல்லுதானேங்க, அதுக்குப் போய் மனுசங்க முன்னாடி இப்படியா" என்று அவளும் சொல்லிவிட்டாள். வெளியாள் எதிரில் பதில் பேசியது எனக்குப் பொறுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பதின்மூன்று நாளும் மழைதான் எழுதியிருக்கிறேன். ஒரு நாள் "பருப்புக் குழம்பு". ஒரு நாள் "ஜெஸிந்தாவுக்கு ரெயின்கோட்". ரூபி என்ற பெயர் ஒரு வரியில்கூட இல்லை. 27ஆம் தேதி: "மழை 4.05. குடையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. கேட்டு வாங்கிப் போனேன்."

இரண்டு நாள் என்றுதான் சத்தியமாக நினைத்திருந்தேன்.

19.07.2024, வெள்ளி
மழை: 3 அங்குலம் 30 சென்ட்

பழைய கணக்கை மட்டும் பார்த்துவிட்டுப் புதுக் கணக்கை விட்டால் எப்படி. இந்த வருஷ நாட்குறிப்பையும் திருப்பினேன்.

ஜூன் 11 சாயங்காலம் ரூபி கேட்டாள். கோயம்புத்தூர் டாக்டரிடம் போய்வந்த அன்று. ஸ்வெட்டரைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி வாங்கி, "நாம கீழ போயிடலாமாங்க? ஜெஸி வீட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன வீடு பாத்துக்கலாம்" என்றாள். நான் மழைமானியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். சாயங்காலம் மழைமானி பார்க்கிற வழக்கமே எனக்குக் கிடையாது. காலை ஏழு மணிக்குத்தான் பார்ப்பேன், அது அவளுக்கும் தெரியும்.

அன்று நாட்குறிப்பில் மழை மட்டும் இருக்கிறது. 12 முதல் 29 வரை மழை மட்டும் இருக்கிறது. 30ஆம் தேதி அவள் போய்விட்டாள்.

பதினெட்டு நாள்.

இங்கே எல்லாம் என்னுடையது. படிக்கட்டு, பனி, மழைக்கணக்கு, ஸ்டோர் சார் என்று கூப்பிடுகிற கடைவீதி. பொள்ளாச்சியில் நான் யார், ஆல்வின் மாமனார். அந்தப் பயம்தான். அதைச் சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பதினெட்டு ராத்திரியும் அவள் இரண்டு தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். அதை நான் ஒரு இடத்தில்கூடக் குறித்து வைக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

21.07.2024, ஞாயிறு
மழை: 2 அங்குலம்

கோவிலுக்குப் போனேன். ரூபி எங்கே என்று கேட்டவர்களிடம், "அவளுக்கு மூச்சு முட்டுது, கீழ இருக்கா" என்றேன். பல் கதை சொல்லவில்லை.

23.07.2024, செவ்வாய்
மழை: 1 அங்குலம் 70 சென்ட்

இன்று டேப்பைப் பிரித்தேன். ஒன்பது நாள் ஆயிற்று. செல்லைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்து, துணி அலசி, கஞ்சி வைத்துவிட்டு வந்து போட்டேன். மூன்று மணி நேரம். தேதி கேட்கவில்லை. 23.07.2024, 11:52.

அன்வர்தீனிடம் போனில் சொன்னேன். "பிடிச்சிடுச்சா" என்றார். "பிடிச்சிடுச்சு பாய்" என்றேன். ஜலதோஷமா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

25.07.2024, வியாழன்
மழை: 2 அங்குலம் 20 சென்ட்

ஆல்பம் முடிந்தது. வருஷம் தெரியாத படங்கள் முப்பது மிஞ்சிவிட்டன. அவற்றைக் கடைசிப் பக்கங்களில் போட்டு, தலைப்பில் "ஜனவரி ஒன்று" என்று எழுதினேன். பதின்மூன்று படத்தையும் அன்வர்தீனிடம் பிரிண்ட் போட்டு வாங்கினேன். அவர் பார்த்துவிட்டுக் கவருக்குள் போட்டுக் கொடுத்தார். அவை ஆல்பத்தில் இல்லை.

ஜெஸிந்தா போன் செய்தாள்.

"வருவீங்களான்னு அம்மா கேக்குறாங்க."

"அம்மாகிட்டயே சொல்லிக்கிறேன்னு சொல்லு."

அவள் அதை அந்தப் பக்கம் சொல்வது கேட்டது. பிறகு ஜெஸிந்தா, "சரிப்பா" என்றாள்.

27.07.2024, சனி
மழை: 85 சென்ட்

மழை குறைந்திருக்கிறது. முற்றத்தில் ஒரு வேலை பாக்கி இருந்தது, அதை முடித்தேன். ஸ்பானர் சறுக்கி விரலில் அடி. பேண்ட் எய்ட் எங்கே என்று ரூபிக்குத்தான் தெரியும்.

28.07.2024, ஞாயிறு. பொள்ளாச்சி.

காலை முதல் பஸ். ஜன்னல் சீட். நாற்பது கொண்டை ஊசி வளைவும் பனிக்குள்தான் இறங்கினோம், டிரைவர் ஹாரனை நம்பித் திருப்பிக்கொண்டிருந்தார். வளைவுக்கு வளைவு எண் பலகை மட்டும் பனியில் இருந்து வந்து வந்து போயிற்று. எந்த வருஷத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நிமிஷம் எனக்கு விளங்கவில்லை. மடியில் கேமராவைப் போட்டுப் பார்த்தேன். 28.07.2024, 7:31. ஒன்பதாவது வளைவில் பனி கலைந்து கீழே ஆழியாறு அணை முழுசாகத் தெரிந்தது. பஸ்ஸில் எல்லாரும் எழுந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், ரூபி காட்டியபோதெல்லாம் தினசரி படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜெஸிந்தா வீட்டுக் கொல்லையில் ரூபி பேரனின் துணியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வெயில் அடித்தது. என்னைப் பார்த்தாள், கிளிப்பை மாட்டி முடித்தாள். மூச்சுச் சத்தம் இல்லை. பக்கத்தில் போய் நின்று கேட்டேன், இல்லவே இல்லை.

என் பை பெரிதாக இருந்தது. அதன் வாயைத் திறந்து பார்த்தாள்.

"மழைமானியை எதுக்குங்க தூக்கிட்டு வந்தீங்க?"

"இங்க எவ்வளவு பெய்யுதுன்னு பாக்க வேணாமா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். என் பதிலை அவள் புரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் பேச வேண்டாம் என்று நான் நிம்மதியாகக் குனிந்தேன். அவள் விடவில்லை.

"இந்த வேலையெல்லாம் வேணாம். வாயால சொல்லுங்க."

பையைக் கீழே வைத்தேன். "கீழ வந்துடறேன் ரூபி. நீ கேட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு, அதான் எழுந்து போயிட்டேன்."

"இதைச் சொல்ல ஒன்றரை மாசம்."

"தெரியும். எண்ணிப் பாத்துட்டேன்." கவரைக் கொடுத்தேன். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பதின்மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இவை இன்னும் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"ஏன் தேதியோட எடுத்தே?" என்றேன்.

"ரெண்டு நாள்தானேன்னு சொல்லுவீங்கன்னு தெரியும்."

"பின்ன ஏன் காட்டல?"

கடைசிப் படத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "திரும்பிட்டீங்களே."

"குடையை வெச்ச இடம் மறந்து போச்சு அன்னைக்கு."

"நீங்களா மறப்பீங்க? ஸ்டோர்ல ஒரு ஆணி காணாமப் போனாத் தூங்க மாட்டீங்க. குடையை நான்தான் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சேன். பதிமூணு நாளைக்கு மேல என்னால முடியல. கேட்டாத்தானே பேச்சு வரும்."

பதினைந்து வருஷமாக எனக்கு இது தெரியாது. "இந்தத் தடவை ஒண்ணும் ஒளிக்கலையே" என்றேன், சும்மா சொன்னதுதான்.

"எதை ஒளிக்கிறதுன்னு தோணல. அதான் நானே போயிட்டேன்."

அப்போது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கொடியில் தொங்கிய பேரனின் சட்டையால் துடைத்துக்கொண்டேன். அவள் திட்டவில்லை, அந்தச் சட்டையை எடுத்து மறுபடி அலசினாள்.

ஜெபக்கூட்டம் நன்றாக நடந்தது. ஆல்பத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, எந்தப் படம் எந்த வருஷம் என்று எல்லாரும் சண்டை போட்டார்கள். பேரனுக்குக் கீழே இரண்டு பல் வந்திருக்கிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு கொல்லையில் மரம் மறைக்காத இடமாகப் பார்த்து மழைமானியை நட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் அரவம் கேட்டுத் திரும்பினேன். ரூபி கேமராவோடு நின்றிருந்தாள்.

"இன்னும் அழுத்தவே இல்ல, அதுக்குள்ள திரும்பிட்டீங்க" என்றாள். அப்படியே எடுத்தாள்.

எடுத்து முடித்ததும் கேமராவைக் கவிழ்த்து, கட்டை விரலால் செல் மூடியைத் தள்ளினாள். எட்டு வருஷம் நான் பழக்கிய பழக்கம்.

"இருக்கட்டும்" என்றேன். "கழட்டாத."

29.07.2024, திங்கள். பொள்ளாச்சி.
மழை: இல்லை

ரூபி ஒரே தலையணையில், படுத்துத் தூங்கினாள்.